ராக், ஃபங்க், விண்வெளி ஒலி... மூன்றும் கலந்த இசையைத் தேடுவது எப்படி?

ஒரு பாட்டு. நீளம் 10 நிமிடம். கிட்டார் எங்கோ வானத்தில் மிதக்கிறது. அடியில் பேஸ் கிட்டார் உங்கள் காலைத் தாளம் போட வைக்கிறது. நடுவில் ராக்கெட் கிளம்புவதுபோல் ஒரு "உஷ்ஷ்ஷ்" சத்தம்.

கேட்டு முடித்ததும் ஒரே கேள்விதான்: "இதே மாதிரி வேற என்ன இருக்கு?"

தேடிப் பார்த்தால் அங்கேதான் சிக்கல். இசைச் செயலியில் 'புரோகிரசிவ் ராக்' என்று தட்டினால் கோட்டை, குதிரை, மாயாஜாலக் கதை என்று வேறு உலகம். 'ஃபங்க்' என்று தட்டினால் விருந்தில் ஆடும் பாட்டு. 'ஸ்பேஸ் ராக்' என்று தட்டினால் தாளமே இல்லாத மெல்லொலிகூட வரும். நீங்கள் தேடியது இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க வகைப் பெயர் அவ்வளவாக உதவாது. வாசித்தவர் யார், ஒலிப்பதிவு செய்தவர் யார் என்று பார்த்துத் தேடினால் கிடைக்கும். எப்படி என்று பார்ப்போம்.

எது என்ன?

முதலில் பெயர்களைப் புரிந்துகொள்வோம்.

- புரோகிரசிவ் ராக்: 1960களின் இறுதியில் பிரிட்டனில் வளர்ந்தது. மூன்று நிமிடப் பாட்டு என்ற கட்டுப்பாடு கிடையாது. ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடலாம். தாளமும் நடுவில் மாறலாம்.

- சைக்கடெலிக் ராக்: எதிரொலி, பின்னோக்கி ஓடும் ஒலிநாடா, சிதார் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கனவுபோன்ற உணர்வைத் தரும் இசை. 1966, 1967ஆம் ஆண்டுகளில் உச்சத்தில் இருந்தது.

- ஸ்பேஸ் ராக்: சைக்கடெலிக் இசையின் பிள்ளை. ஒரே தாளம் விடாமல் ஓடும். அதன்மேல் சிந்தசைசர் ஒலிகள் அலை அலையாக வரும்.

- ஃபங்க்: அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கியது. 1960களின் நடுவில் ஜேம்ஸ் பிரௌன் அதற்கு வடிவம் கொடுத்தார். இங்கே ராகத்தைவிடத் தாளமே ராஜா.

ஃபங்க்கை அடையாளம் காண ஒரு சுலபமான வழி உண்டு. பாட்டோடு சேர்ந்து 1-2-3-4 என்று எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் '1' வரும்போது பேஸும் டிரம்ஸும் ஒன்றாக அழுத்தி இறங்குகின்றனவா? மற்ற இடங்களில் சின்னச் சின்ன இடைவெளி விட்டுக் குதிக்கின்றனவா? அப்படியென்றால் அதில் ஃபங்க் இருக்கிறது.

இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டாரை மட்டும் தனியாகக் கவனித்துக் கேட்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், பாதி வேலை முடிந்தது!

இவையெல்லாம் எப்படி ஒன்றுசேர்ந்தன?

கருவிகள் ஒரு காரணம்.

காலால் மிதித்து கிட்டார் ஒலியை "வா-வா" என்று பேச வைக்கும் பெடல் 1960களின் பிற்பகுதியில் கடைகளுக்கு வந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை சைக்கடெலிக் ராக்கில் பயன்படுத்தினார். 1971இல் ஐசக் ஹேய்ஸ் இசையமைத்த 'ஷாஃப்ட்' படப் பாட்டில் அதே பெடல்தான் ஃபங்க் தாளத்தைத் தூக்கி நிறுத்தியது. கருவி ஒன்று, இசை உலகம் இரண்டு.

லண்டனின் இஎம்எஸ் நிறுவனம் 1969இல் விசிஎஸ் 3 என்ற சிந்தசைசரைக் கொண்டுவந்தது. அறை முழுவதையும் அடைக்கும் இயந்திரமாக இல்லாமல் மேசைமேல் வைக்கக்கூடிய மரப்பெட்டியாக அது இருந்தது. பிங்க் ஃபிளாய்ட், ஹாக்விண்ட் போன்ற குழுக்கள் அதைப் பயன்படுத்தின. 'விண்வெளிச் சத்தம்' என்று இன்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி அத்தகைய பெட்டிகளிலிருந்து வந்ததுதான்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பிங்க் ஃபிளாய்ட் 1971இல் வெளியிட்ட 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு: 'எக்கோஸ்'. 23 நிமிடத்துக்கும் மேல் ஓடும். 7ஆவது நிமிடத்தைத் தாண்டியதும் கவனியுங்கள். அதுவரை மிதந்துகொண்டிருந்த இசை சட்டென்று தரையிறங்கி ஃபங்க் தாளத்தில் நடக்கத் தொடங்கும். சில நிமிடங்களில் மறுபடியும் இருட்டுக்குள் போய்விடும். நாம் தேடும் கலவை ஒரே பாட்டுக்குள் கிடைக்கிறது.

1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் 'மணி' என்ற பாட்டு இருக்கிறது. அதன் தாளம் ஏழு எண்ணிக்கை. கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளத்துக்கும் ஏழுதான் எண்ணிக்கை. ஆதலால் நம் காதுக்கு ஏழு ஒன்றும் புதிதில்லை. கிட்டார் தனியாக வாசிக்கும் இடத்தில் தாளம் நாலுக்கு மாறும். எண்ணிக்கொண்டே கேட்டால் அந்த இடம் 'பளிச்'சென்று தெரியும்.

வழி 1: ஆட்களைப் பின்தொடருங்கள்

'காங்' என்ற குழுவை எடுத்துக்கொள்வோம். அதைத் தொடங்கியவர் டேவிட் ஆலன் என்ற ஆஸ்திரேலியர். அவர் 'சாஃப்ட் மெஷின்' என்ற பிரிட்டிஷ் குழுவில் இருந்தவர். 1967இல் விசாப் பிரச்சினையால் பிரிட்டனுக்குள் மீண்டும் நுழைய அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பிரான்ஸிலேயே தங்கினார். அங்கே உருவானதுதான் காங்.

காங் 1974இல் வெளியிட்ட 'யூ' ஆல்பத்தில் 'தி ஐல் ஆஃப் எவ்ரிவேர்' என்ற 10 நிமிடப் பாட்டைக் கேளுங்கள். பேஸ் வாசிப்பவர் ஃபிஜியில் பிறந்த மைக் ஹவ்லெட். அவர் வாசிப்பு ஒரே வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே சாக்ஸஃபோனும் சிந்தசைசரும் பறக்கும். ஆரம்பத்தில் நாம் சொன்ன பாட்டு கிட்டத்தட்ட இதுதான்.

இனி ஆட்களைப் பிடித்துப் போவோம்.

- 'யூ' ஆல்பத்தில் கிட்டார் வாசித்தவர் ஸ்டீவ் ஹிலேஜ்.
- அவர் 1977இல் தனியாக 'மோட்டிவேஷன் ரேடியோ' ஆல்பத்தை வெளியிட்டார். அதில் ஃபங்க் தாளம் இன்னும் தூக்கலாக இருக்கும்.
- அதன் தயாரிப்பாளர் மால்கம் செசில். 'டோன்டோ' என்ற பிரம்மாண்டமான சிந்தசைசரை உருவாக்கியவர்களில் ஒருவர்.
- அந்த டோன்டோவை வைத்து அவர் வேலை செய்தது யாருடன் தெரியுமா? ஸ்டீவி வொண்டருடன்! 1972இல் வந்த 'டாக்கிங் புக்', 1973இல் வந்த 'இன்னர்விஷன்ஸ்' இரண்டிலும் ஒலிப்பது அந்தக் கருவிதான்.

பிரான்ஸில் வாழ்ந்த ஒரு ஹிப்பிக் குழுவிலிருந்து ஸ்டீவி வொண்டர் வரை நாலே படி. வகைப் பெயரை மட்டும் பார்த்துத் தேடியிருந்தால் இந்த வழி கண்ணில் படுவது கஷ்டம்.

வழி 2: ஃபங்க் பக்கமிருந்தும் வாருங்கள்

ராக் குழுக்கள் மட்டுமே ஃபங்க்கைத் தேடிப் போகவில்லை. ஃபங்க் கலைஞர்களும் விண்வெளிக்குப் போனார்கள்.

ஜார்ஜ் கிளிண்டனின் 'ஃபங்கடெலிக்' குழுவின் பெயரிலேயே ஃபங்க்கும் சைக்கடெலிக்கும் இருக்கின்றன. 1971இல் வந்த 'மேகட் பிரெய்ன்' ஆல்பத்தின் முதல் பாட்டு 10 நிமிடம் ஓடும். பெரும்பாலும் எடி ஹேஸலின் கிட்டார் மட்டுமே ஒலிக்கும். உங்கள் தாயார் இறந்துவிட்டார் என்ற செய்தியைக் கேட்டதுபோல் வாசியுங்கள் என்று அவரிடம் தாம் சொன்னதாகக் கிளிண்டன் பின்னர் கூறியிருக்கிறார். கேட்டால் புரியும்.

அப்போது அமெரிக்காவில் வானொலி நிலையங்களும் கடைகளும் கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்று பிரிந்திருந்தன. ஃபங்கடெலிக் எந்தப் பக்கத்திலும் எளிதாகப் பொருந்தவில்லை. வகைப் பெயர் என்பது வெறும் பெயர் அல்ல. ஓர் இசை யார் காதுக்குப் போகும், யார் காதுக்குப் போகாது என்பதையும் அது தீர்மானிக்கும்.

ஜேஸ் பக்கமிருந்து வர விரும்பினால் ஹெர்பி ஹான்காக் 1973இல் வெளியிட்ட 'செக்ஸ்டன்ட்', 'ஹெட் ஹண்டர்ஸ்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவது விண்வெளி. அடுத்தது ஃபங்க். இரண்டுக்கும் இடையில் ஓராண்டுகூட இல்லை!

வழி 3: லண்டன், நியூயார்க்கைத் தாண்டித் தேடுங்கள்

ஜெர்மனியின் கொலோன் நகரில் 'கான்' குழு இருந்தது. மியூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்த டாமோ சுஸுகி என்ற ஜப்பானியரை அவர்கள் பாடகராகச் சேர்த்துக்கொண்டனர். 1971இல் வந்த 'டாகோ மாகோ'வில் 'ஹலலுவா' 18 நிமிடத்துக்கும் மேல் ஓடும். டிரம்ஸ் வாசிக்கும் யாக்கி லீபெட்சைட் ஏறத்தாழ ஒரே தாளத்தை விடாமல் பிடித்திருப்பார். சலிக்காது.

ஆப்பிரிக்காவின் ஸாம்பியாவில் 1970களில் ஓர் இசை அலை எழுந்தது. சைக்கடெலிக் ராக், ஃபங்க், உள்ளூர்த் தாளம் எல்லாம் கலந்தது. அதற்கு 'ஸாம்ராக்' என்று பெயர். 'விட்ச்' என்ற குழு அதில் முன்னணியில் இருந்தது. 1972இல் முதல் ஆல்பம். 1975இல் 'லேஸி போன்ஸ்'.

பிறகு செம்பு விலை சரிந்தது. அதை நம்பியிருந்த நாட்டின் பொருளியல் ஆட்டம் கண்டது. அடுத்து எய்ட்ஸ் வந்தது. ஸாம்ராக் கலைஞர்கள் பலர் மாண்டனர். விட்ச் குழுவின் ஆரம்ப உறுப்பினர்களில் இன்று எஞ்சியிருப்பவர் பாடகர் ஜகாரி சாண்டா மட்டுமே. பிழைப்புக்காக அவர் ரத்தினக்கல் தோண்டும் வேலைக்குப் போனார்.

பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் 'நவ்-அகெய்ன்' நிறுவனம் அந்த ஆல்பங்களைத் தேடியெடுத்து மறுபடியும் வெளியிட்டது. கேட்க ஆள் வந்தது. சாண்டாவுக்கு மேடையும் திரும்பக் கிடைத்தது. 2023இல் விட்ச் 'ஸாங்கோ' என்ற புதிய ஆல்பத்தையே வெளியிட்டது.

யாரோ தேடினார்கள். அதனால்தான் அந்த இசை இன்று நம் கைபேசியில் இருக்கிறது.

இன்று யார் வாசிக்கிறார்கள்?

- ஓஸ்ரிக் டென்டகிள்ஸ்: 1983இல் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் விழாவில் தொடங்கிய குழு. முதலில் ஒலிநாடாக்களைத் தாங்களே விற்றார்கள். 1990இல் வந்த 'எர்ப்லேண்ட்' நல்ல தொடக்கம். பெரும்பாலும் பாடல் வரிகளே இல்லை.

- கிருவாங்பின்: அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரக் குழு. பெயரோ தாய்லந்து மொழிச் சொல், பொருள் 'விமானம்'. 1960கள், 70களின் தாய்லந்து இசையால் கவரப்பட்டவர்கள். 2015இல் வந்த முதல் ஆல்பத்தில் பேஸ்தான் கதாநாயகன்.

- கிங் கிஸார்ட் அண்ட் தி லிஸர்ட் விஸார்ட்: மெல்பர்னைச் சேர்ந்தவர்கள். 2017இல் 'பாலிகொண்ட்வானாலேண்ட்' ஆல்பத்தை இலவசமாகவே கொடுத்தனர். யார் வேண்டுமானாலும் இசைத்தட்டாக அச்சிட்டுக்கொள்ளலாம் என்றும் அறிவித்தனர்.

- காங்: டேவிட் ஆலன் 2015இல் காலமானார். குழு தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம். இன்றும் தொடர்கிறது.

செயலியை எப்படிப் பயன்படுத்தலாம்?

செயலி பெரும்பாலும் என்ன செய்கிறது? உங்களைப் போன்றவர்கள் வேறு என்ன கேட்டார்கள் என்று பார்த்துப் பரிந்துரைக்கிறது. அதிகம் பேர் கேட்காத இசை அங்கே மேலே வருவது கடினம். ஆக, கொஞ்சம் நீங்களும் வேலை செய்ய வேண்டும்.

- பிடித்த பாட்டில் வாசித்தவர், தயாரித்தவர் பெயர்களைப் பாருங்கள். பல செயலிகளில் அந்த விவரம் உண்டு.

- அந்தப் பெயரை 'டிஸ்காக்ஸ்' தளத்தில் தேடுங்கள். அவர் வேறு எந்தெந்த ஆல்பங்களில் வேலை செய்தார் என்ற பட்டியல் வரும்.

- புதிய குழுக்களுக்கு 'பேண்ட்கேம்ப்' தளம். பிடித்திருந்தால் குழுவிடமிருந்தே ஆல்பத்தை வாங்கலாம்.

- பாடல்களை மாற்றி மாற்றி ஒலிக்கவிடும் 'ஷஃபிள்' வசதியை நிறுத்துங்கள். இந்த ஆல்பங்கள் பலவற்றில் ஒரு பாட்டு முடியாமலேயே அடுத்தது தொடங்கும்.

- கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். பேஸ் சரியாகக் கேட்காது. பேஸ் இல்லையென்றால் ஃபங்க்கும் இல்லை. சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

ஒரு வாரத் திட்டம்

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கத் தேவையில்லை. நாளுக்கு ஒன்று போதும்.

- திங்கள்: பிங்க் ஃபிளாய்ட், 'எக்கோஸ்'
- செவ்வாய்: ஃபங்கடெலிக், 'மேகட் பிரெய்ன்'
- புதன்: கான், 'ஹலலுவா'
- வியாழன்: காங், 'யூ' முழு ஆல்பம்
- வெள்ளி: ஸ்டீவ் ஹிலேஜ், 'மோட்டிவேஷன் ரேடியோ'
- சனி: விட்ச், 'லேஸி போன்ஸ்'
- ஞாயிறு: இந்த ஆறில் எது மிகவும் பிடித்ததோ, அதில் வாசித்த ஒருவரின் பெயரை எடுத்துத் தேடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை நாங்கள் சொல்லமாட்டோம். அது உங்கள் கண்டுபிடிப்பு!