உய்த்தறி தரவுத்தளம்

அட்டவணையில் பதியாத உண்மையையும் விதிகளால் வருவித்து விடை சொல்லும் தரவுத்தளம். எடுத்துக்காட்டாக, நெடுங்காடு கொம்யூன் காரைக்கால் மாவட்டத்தில் அடங்கும். அம்மாவட்டம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அடங்கும். இந்த இரு வரிசைகளோடு, ‘அடங்கியதில் அடங்கியதும் அடங்கும்’ என்ற விதியைச் சேர்த்தால் போதும். நெடுங்காடு யாருடைய ஆட்சியில் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மாவட்டத்தின் நில எல்லையெங்கும் தமிழ்நாடு இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர் குழம்பலாம், இயந்திரம் குழம்பாது.

தொடர் எத்தனை படி நீளும் என்று முன்கூட்டித் தெரியாத இத்தகைய கேள்விகள், கணினியியலாளர் எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுநிலை இயற்கணிதத்துக்கு அப்பாற்பட்டவை என்று ஏஹோவும் உல்மனும் 1979-இல் நிறுவினர். இத்தகைய விதிகளை எழுத உதவும் டேட்டாலாக் மொழி அக்குறையைத் தீர்த்தது. ஆயினும் விதிகளைக் கண்மூடி ஓட்டினால் வேண்டாத முடிவுகள் குவியும். கேள்விக்குத் தொடர்புள்ளவற்றை மட்டும் கணக்கிடும் ‘மேஜிக் செட்ஸ்’ உத்தியே (1986) இத்துறையின் உண்மையான சாதனை. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ரகு ராமகிருஷ்ணன், எஸ். சுதர்சன் ஆகியோர் திவேஷ் ஸ்ரீவாஸ்தவாவுடன் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கோரல் அமைப்பு இவ்வுத்தியைக் கையாண்டது. படி எண்ணிக்கை தெரியாத கேள்விகளைக் கேட்க உதவும் தன்சுழல் வினவல், 1999-இல் எஸ்.க்யூ.எல். வினவல்மொழியின் தரத்திலும் இடம்பெற்றது.