வென்றவன் தரும் சந்தோஷம்: சூதுகளத்திற் கொடையும் கூலியும்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பெருந்தெருவில் அமைந்த தெல்தெனிய, மெததும்பறைப் பகுதியின் பழைய நகர். விக்டோரியா நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அந்நகர் நீருள் மூழ்கியது. 1985ஆம் ஆண்டு அணை திறந்துவைக்கப்பட்டபோது நகரமக்கள் கரல்லியத்தையில் எழுந்த புதிய குடியிருப்புக்குப் பெயர்ந்திருந்தனர். ஊர் இடம்பெயர்ந்தாலும் வழக்குச் சொற்கள் இடம்பெயர்வதில்லை. அவற்றுள் ஒன்று 'சந்தோஷம்'. உரிய கூலிக்கு மேலாக மனமுவந்து கொடுக்கும் சிறுதொகையைக் கண்டிப் பகுதியிற் சிங்களவரும் தமிழரும் இச்சொல்லாற் சுட்டுவர். கொடுபடும் பொருளுக்குக் கொடுப்பவனின் மனநிலையே பெயராகிவிட்டமை இச்சொல்லின் சிறப்பு. உண்மையில் மனம் மகிழ்ந்துதான் கொடுத்தானா என்று எவரும் கேட்பதில்லை.

இவ்வகைக் கொடைகள் அனைத்திலும் ஆராய்ச்சிக்கு உரியது, சூதில் வென்றவன் ஆட்டத்தை நடத்துபவனுக்குக் கொடுப்பது. சீட்டாட்ட மேசையிற் பெருந்தொகை வென்ற ஒருவன் சீட்டுப் போட்டவருக்கு எவ்வளவு கொடுத்தல் முறை? அதனைக் கொடை என்பதா, கூலி என்பதா? இது இன்றைய கசினோக்களோடு பிறந்த வினாவன்று. இந்திய நீதிநூல்கள் இதற்கு நூற்றுவீதக் கணக்கிலேயே விடை கூறியுள்ளன.

ஆட்டத்தை நடத்துபவன் தொடக்கத்தில் இழிந்தவனாகக் கருதப்பட்டவன் அல்லன். வேதகால அரசனின் இராசசூய வேள்வியில் 'இரத்தினங்கள்' எனப் போற்றப்பட்ட அரசவையினருள் அக்ஷாவாபன் என்னும் கவறு காப்போனும் இடம்பெற்றான். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில் அவன் அரச ஊழியனாகின்றான். 1909இல் மைசூர் சாமசாஸ்திரியார் அந்நூலை அச்சேற்றிய பின்னரே இச்செய்திகள் ஆய்வாளர் பார்வைக்கு வந்தன. சூதத்தியட்சன் என்னும் அவ்வலுவலன் ஆட்டத்தை ஓரிடத்தில் மட்டும் நடத்துவித்தான்; பிறவிடத்தில் ஆடியோருக்குத் தண்டம் 12 பணம். மறைந்து தொழில் செய்யும் கள்வரை இனங்காணுதற்காகவே இக்கட்டுப்பாடு என்று கௌடிலியர் ஒளிவின்றிக் கூறுகின்றார். வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து அத்தியட்சனுக்கு உரியது. கவறுகளின் வாடகை, நீருக்கும் இடத்துக்குமான கட்டணம் ஆகியன வேறு. நேரிய கவறுகளை வழங்குவது அவன் கடமை. எனவே வென்றவன் கொடுத்தது அரசுக்குச் செலுத்திய வரி. அதில் மகிழ்ச்சிக்கு இடமில்லை.

மிருதி நூல்களிற் காட்சி மாறுகின்றது. சபிகன் எனப்படும் சூதுமனையாளன் அங்கு அரசனின் பாதுகாப்பைப் பெற்ற தனி மனிதன். நாரதர் அவனுக்கு நூற்றுக்குப் பத்து என்று விதிக்கின்றார். யாக்ஞவல்கியரோ இரண்டு வீதங்களைக் கூறுகின்றார்: நூறும் அதற்கு மேலும் வந்த வெற்றியாயின் நூற்றுக்கு ஐந்து, அதற்குக் குறைந்ததாயின் நூற்றுக்குப் பத்து. பெருந்தொகை வென்றவன் குறைந்த வீதத்திற் கொடுக்கின்றான் என்பது இன்றைய வாசகனுக்கு வியப்பளிக்கலாம். சூதுமனையாளனுக்குப் பெரிய ஆட்டக்காரனே வேண்டியவன். அவனைத் தன் மனைக்கு வரச்செய்யச் சலுகை காட்டவேண்டும். வணிகர் மொத்தக் கொள்வனவுக்கு விலை குறைப்பதன் நியாயம் இங்கும் இயங்கியிருத்தல் கூடும் என்பது எனது கருத்து.

ஆனால் யாக்ஞவல்கியர் அத்துடன் நிறுத்தவில்லை என்பதே ஈண்டு முதன்மையாக நோக்கற்பாலது. அப்பங்கைப் பெறும் சபிகன் அரசனுக்குரிய பகுதியைச் செலுத்தவேண்டும், வெல்லப்பட்ட பொருளைத் தோற்றவனிடமிருந்து பெற்று வென்றவன் கையிற் சேர்க்கவேண்டும், உண்மை பேசவேண்டும், பொறுமை காக்கவேண்டும். நூற்றுக்கு ஐந்து என்பது இக்கடமைகளின் விலை. கடனை அறவிடும் ஆற்றல் இல்லாத வெற்றியாளனுக்கு வெற்றி வெறுஞ்சொல்லே ஆகும். மனுவோ சூதினை முற்றாக விலக்கி, அரசன் அதனை நாட்டிலிருந்து அகற்றவேண்டும் என்றார். ஒரே மரபினுள் தடையும் கட்டணப்பட்டியலும் அருகருகே வாழ்ந்தமை நம் நாட்டுச் சட்டங்களைக் கற்போருக்குப் புதுமையாகத் தோன்றாது.

அறவிடுதல் என்னும் கடமை நடைமுறையில் எவ்வாறு இருந்தது என்பதைச் சூத்திரகரின் மிருச்சகடிகம் என்னும் நாடகத்தின் இரண்டாம் அங்கம் காட்டுகின்றது. உடல் பிடித்துவிடும் தொழிலாளியான சம்வாகன் பத்துப் பொற்காசுகளைச் சூதில் இழந்து, கொடுக்க வழியின்றி ஓடுகின்றான். சபிகனாகிய மாதுரனும் வென்ற சூதாடியும் துரத்துகின்றனர். அவன் சிலையற்ற கோயிலொன்றினுட் புகுந்து தானே சிலைபோல் நிற்கின்றான். ஐயுற்ற இருவரும் அவன் முன்னமர்ந்து கவறாடத் தொடங்க, கவறுகளின் ஒலி கேட்டுப் பொறுக்கமாட்டாமற் சிலை வாய்திறந்து அகப்பட்டுக்கொள்கின்றது. பின்னர் ஒருவரிடம் பாதிக் கடனையும் மற்றவரிடம் மீதிப் பாதியையும் விட்டுவிடுமாறு வேண்டி, இருவரும் இசைந்ததாகக் கொண்டு, கடன் தீர்ந்தது எனச் சம்வாகன் நடக்கத் தொடங்குவது நகைச்சுவையின் உச்சம். மாதுரன் விடவில்லை; அடிக்கின்றான். இறுதியில் வசந்தசேனை அனுப்பிய கைவளையே கடனைத் தீர்க்கின்றது. சம்வாகன் புத்த பிக்குவாகின்றான். வென்றவன் மகிழ்ந்து கொடுக்கும் ஐந்து வீதத்தின் பின்னே தோற்றவன் முதுகில் விழுந்த அடியும் உண்டு என்பதை மிருதிகள் எழுதவில்லை, நாடகாசிரியர் எழுதினார்.

தமிழ் மரபு ஆட்டத்தை நடத்துபவனின் பங்கைப் பற்றி அதிகம் பேசவில்லை. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் ஆடுவோனின் அழிவையே பொருளாகக் கொண்டது. எனினும் அவ்வதிகாரம் சூதாடும் இடத்தைக் 'கழகம்' என்று கூறுவது குறிப்பிடத்தக்கது. பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இதனை எழுதுபவனுக்கும் வாசிப்பவருக்கும் அச்சொல்லின் பயணம் சற்றே புன்முறுவலைத் தரும்.

பௌத்த நூல்களுள் சிகாலோவாத சூத்திரம் சூதின் ஆறு கேடுகளைத் தொகுத்துரைக்கின்றது. அவற்றுள் முதலாவது, வென்றவன் பிறர் பகையைத் தேடிக்கொள்கின்றான் என்பது. பார்த்திருப்போருக்கும் ஆட்டத்தை நடத்தியவனுக்கும் வென்றவன் அள்ளிக் கொடுப்பதன் உளவியல் இங்கே புலனாகின்றது. அது அன்பினால் எழும் ஈகை என்பதைவிட, கண்ணூறு கழித்தலை ஒத்தது எனலாம்.

கண்டி இராச்சியத்தில் கொடைக்கும் கடமைக்கும் இடையிலான எல்லை மேலும் மங்கலாக இருந்தது. பிரதானிகளை ஒரு காரியத்தின்பொருட்டுக் காணச் சென்றோர் வெறுங்கையுடன் செல்லவில்லை. வெற்றிலைச் சுருளுடன் காசும் வைத்தனர். 'புலத் சுருல்ல' எனப்பட்ட இது பெயரளவில் மரியாதை. காலப்போக்கிற் பதவிக்குரிய வருவாயாக அது இறுகிவிட்டது. வெற்றிலையைக் கொடுக்காமல் விடுவதற்குச் சட்டத்தடை இல்லை, துணிவுதான் இல்லை. இவ்வாறு இறுகிய கொடைக்கும் இன்று மேசையருகே நீட்டப்படும் சந்தோஷத்துக்கும் உறவு உண்டு.

இதே சிக்கல் 1976இல் அமெரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றின் முன் வந்தது. லாஸ் வேகாசிற் பகடை மேசையிற் பணியாற்றிய ஓல்க் என்பவர், ஆட்டக்காரர் தமக்குத் தருவது அன்பளிப்பே, ஆகவே வருமானவரிக்கு உட்படாதது என்று வாதிட்டார். வாடிக்கையாளருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எதுவுமே கொடுப்பதில்லை. கொடுப்போரும் திடீர்த் தாராளத்தினாலோ மூடநம்பிக்கையினாலோ கொடுக்கின்றனர் என்ற செய்திகளை ஏற்றுக் கீழ்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. அத்தொகைகள் ஒன்றுதிரட்டப்பட்டு ஊழியரிடையே சமமாகப் பகிரப்பட்டன; நாள்தோறும் எதிர்பார்க்கப்பட்டன; ஆகவே அவை வருமானமே என்பது முடிவு. கொடுப்பவன் கொடையென எண்ணிக் கொடுத்ததைப் பெறுபவன் கூலியாகப் பெற்றான். சபிகனின் கடமைகளில் எதுவும் அவ்வூழியனுக்கு இல்லை. கடன் அறவிடுவதும் அரசுக்குச் செலுத்துவதும் முதலாளியின் வேலை. கடமை நீங்கியபின் எஞ்சிய கட்டணமே 'அன்பளிப்பு' என்று பெயர் மாறியது என்று கொள்ள இடமுண்டு.

இனி, தும்பறைக்குத் திரும்புவோம். சித்திரைப் புத்தாண்டிற் சிங்களக் கிராமங்களில் ஆடப்படும் 'பஞ்ச' என்னும் ஆட்டத்தில் சோழிகளைச் சிரட்டையிலிட்டுக் குலுக்கி வீசுவர். 1909இல் வெளிவந்த தமது 'பண்டைய இலங்கை' என்னும் நூலில் எச். பாக்கர் இதனை விவரித்துள்ளார். இவ்வாட்டத்தையோ, நண்பர் கூடி ஆடும் முந்நூற்றுநாலு என்னும் சீட்டாட்டத்தையோ, பணயம் வைத்து ஆடினால் அது குற்றமா? இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம், ஆட்டக் கருவிகளுக்கோ இடத்துக்கோ கட்டணம் பெற்று வீட்டுக்காரன் இலாபம் அடைகின்றானா என்பதையே சூதுமனைக்கு அடையாளமாகக் கொண்டது. 1967இல் செக்கந்தராபாத் பொழுதுபோக்குக் கழகம் ஒன்றின் வழக்கில், உறுப்பினரிடம் பெற்ற சீட்டாட்டக் கட்டணம் நியாயமான செலவுக்கா, இலாபத்துக்கா என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஆராயவேண்டி வந்தது. ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றும் அத்தீர்ப்பே உரைத்தது. அச்சட்டத்தின் நோக்கில், வென்றவன் வீட்டுக்காரனுக்கு நீட்டும் காசு வீட்டுக்காரனுக்கு எதிரான சான்றாகவும் மாறலாம்.

இலங்கையின் 1889ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் வேறு வழியிற் சென்றது. பணயத்துக்கு ஆடும் இடத்துக்குப் பொதுமக்கள், கட்டணம் செலுத்தியோ செலுத்தாமலோ, செல்லக்கூடுமாயின் அது பொதுச் சூதுமனையாகக் கொள்ளப்பட்டது. தெருவிலும் கள், சாராயத் தவறணைகளிலும் ஆடுவதும் குற்றமாயிருந்தது. 2010ஆம் ஆண்டின் கசினோத் தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டம் பெருநிறுவனங்களுக்குத் தனிவழி வகுத்தது. கிராமத்து முற்றத்தை அது தொடவில்லை. ஆகவே தெல்தெனிய வீடொன்றின் உள்ளறையில் உறவினர் ஆடிய ஆட்டத்தில் வென்றவன் சீட்டுப் போட்டவனுக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்தான் என்பது அக்கட்டளைச் சட்டத்தின் முதற் கேள்வியாக இருக்கவில்லை. அயலவன் எவனும் உள்ளே நுழையும்படி அந்த வீட்டுக் கதவு திறந்திருந்ததா என்பதையே அது முதலிற் கேட்டது.