பேர் தெரியாத துகள்

பெயர் மறந்தால் தமிழருக்கு ‘அது’, ‘இது’ போதும். “அந்த இதை எடுத்துக்கிட்டு வா” என்றால் வீட்டில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் ‘உது’வும் சேர்ந்துகொள்ளும். அறிவியலுக்கும் இந்தத் தேவை உண்டு: 1895இல் இயற்பியலாளர் ராண்ட்கன் தான் கண்ட கதிர் இன்னதென்று தெரியாமல் ‘எக்ஸ்’ என்று குறித்தார். அதுவே நிலைத்துவிட்டது.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலிலும் அப்படி ஒரு பெயர் பிறந்தது.

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கம் தோண்டிய இடம் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்து வெப்பத்தில் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். அவர்கள் தோண்டிய ஆழம்தான் இயற்பியலுக்கு வழி திறந்தது. வானிலிருந்து பொழியும் மற்ற துகள்களில் பெரும்பாலானவற்றை மேலுள்ள பாறை வடிகட்டிவிடும். நியூட்ரினோ என்ற துகளோ எளிதாக ஊடுருவி வரும். டாட்டா ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுவினர் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவி வைத்து, 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள்.

பிறகு அந்தச் சுரங்கக் கருவிகளில் வந்தன விசித்திரத் தடங்கள். பாறைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரே புள்ளியிலிருந்து இரண்டு மூன்று கோடுகள் பிரிந்தன. பாறையில் உருவான ஏதோ ஒன்று அங்கே வந்து சிதைந்திருக்க வேண்டும். எது? தெரிந்த துகள் எதுவும் பொருந்தவில்லை. 1975இல் இயற்பியலாளர் எம்.ஜி.கே. மேனன் உள்ளிட்ட குழு இது பற்றிக் கட்டுரை வெளியிட்டது. உலகம் அவற்றைக் ‘கோலார் நிகழ்வுகள்’ என்றது. துகளுக்குப் பெயரில்லாததால் ஊர்ப்பெயரே அடையாளமானது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தத் தடங்களுக்கு உறுதியான விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் கோலார் பெயர்தான் தொடர்கிறது.