மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு வீட்டில் வண்ணம் பூசுதல்

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க், பக்க மூடிகள், மட்கார்டு, முகப்பு விளக்கைச் சூழ்ந்த டூம், இருக்கைக்குப் பின்னுள்ள வால்பகுதி ஆகியவற்றைக் கழற்றி, பழைய பூச்சைத் தேய்த்தோ முற்றிலும் நீக்கியோ, பட்டறைக்குக் கொடுக்காமல் உரிமையாளரே புதிய வண்ணம் ஏற்றும் வேலை இங்கு விளக்கப்படுகிறது. காருக்குச் செய்வதைவிட இருசக்கர வண்டிக்கு இதைச் செய்வது எளிது. வண்ணப் பரப்பு சிறியதாக இருப்பதோடு, ஒவ்வொரு பாகமும் சில போல்ட்டுகளிலும் ரப்பர் புஷ்களிலும் மட்டுமே நிற்பதால் தனியே எடுத்துத் தொங்கவிட்டுப் பூசலாம். இந்தியாவில் 1985 இல் அறிமுகமாகி 1996 வரை தயாரிக்கப்பட்ட யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர் இவ்வேலையில் மிகுந்த ஈடுபாடு காட்டுகின்றனர்.

தொழிற்சாலைப் பூச்சுக்கும் வீட்டுப் பூச்சுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு வெப்பமே. தொழிற்சாலையில் எஃகு டேங்கின் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப்பட்டு, துருவைத் தடுக்கும் பாஸ்பேட் படலம் ஏற்றப்பட்டு, பிரைமரும் வண்ணமும் அதற்கு மேல் நிறமற்ற கிளியர் கோட்டும் பூசப்பட்ட பின், ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் சூளையில் சுடப்படுவதால் பூச்சின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. வீட்டில் இது கூடாது. காலிசெய்த டேங்கிலும் தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடியது; பக்க மூடிகளும் டூமும் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவையாதலால் 100 பாகையை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். ஆகவே சூளை செய்யும் வேலையை வீட்டில் வேதிவினையே செய்தாக வேண்டும். எந்தப் பூச்சைத் தெரிவு செய்வது என்ற கேள்வி நிறத்தைவிட, அது எவ்வாறு இறுகுகிறது என்பதையே பொறுத்தது.

இறுகும் முறையை வைத்துப் பூச்சுகளை மூன்றாகப் பிரிக்கலாம். 1920களில் டூபான்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற பெயரால் பரவிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், தின்னர் ஆவியாவதாலேயே காய்வது. மீண்டும் தின்னர் பட்டால் கரைந்துவிடுவது. கதவுகளுக்கும் கிரில்களுக்கும் அடிக்கப்படும் சிந்தெட்டிக் எனாமல், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெதுவாக இறுகுவது. தூரிகையாலும் பூசக்கூடியது என்றாலும் வண்டிக்குரிய வழவழப்பை எளிதில் தராது. மூன்றாவதான பாலியூரித்தேன், சுருக்கமாகப் பியூ, பூசுவதற்குச் சற்று முன் பெயின்ட்டுடன் ஹார்ட்னர் என்ற இறுக்கியைக் கலந்து அடிக்கப்படுவது. 1937 இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய பாலியூரித்தேன் வேதியியலை அடிப்படையாகக் கொண்ட இப்பூச்சில், இறுக்கியிலுள்ள ஐசோசயனேட் ரெசினுடன் பிணைந்து வலைப்பின்னலாக மாறுவதால், இறுகிய பின் பெட்ரோலோ தின்னரோ அதை எளிதில் கரைப்பதில்லை.

அமெரிக்காவில் 1949 இல் எட்வர்ட் சீமோர் உருவாக்கிய ஸ்பிரே கேன், கம்ப்ரசர் இல்லாதவரும் பெயின்ட் அடிக்க வழி செய்தது. ஆனால் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் கேன்களில் பெரும்பாலானவை இறுக்கி கலவாத பூச்சுகளே. பக்க மூடிக்கும் மட்கார்டுக்கும் அவை போதும், டேங்குக்குப் போதா. பங்க்கில் பெட்ரோல் நிரப்பும்போது மூடியின் ஓரம் வழியும் சில துளிகளே பளபளப்பை மங்கச் செய்து, பூச்சைப் பிசுபிசுப்பாக்கிவிடும். எனவே வண்ணத்தைச் சாதாரணக் கேனிலிருந்து அடித்தாலும், அதன் மேல் வரும் கிளியர் கோட்டேனும் இறுக்கி கலந்ததாக இருப்பது இன்றியமையாதது. அடிப்பாகத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் சிறு குப்பி உடைந்து இறுக்கி கலந்துகொள்ளும் கேன்களும் உண்டு. கலந்தபின் அவற்றை ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பழைய பூச்சு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை, தின்னர் நனைத்த துணியால் மறைவான ஓரிடத்தைத் துடைத்து அறியலாம். நிறம் துணியில் ஒட்டிவந்தால் அது இறுக்கி இல்லாத பூச்சு. அதன் மேல் வீரியமான தின்னர் கலந்த பெயின்ட்டை அடித்தால் அடிப்பூச்சு ஊறிச் சுருங்கி எழும்பும்; அதைச் சுரண்டி எடுப்பதே நல்லது. தொழிற்சாலைப் பூச்சு உறுதியாக இருந்தால் அதை நீக்கத் தேவையில்லை. வெற்று இரும்பு தெரியும்வரை தேய்ப்பதைப் பலர் முழுமையான வேலையாகக் கருதினாலும், வீட்டில் மீண்டும் உண்டாக்க முடியாத துருத்தடுப்புப் படலத்தைத் தாமே அழிப்பதாகவே அது முடிகிறது.

தேய்ப்பதற்கு முன் கழுவ வேண்டும் என்ற வரிசை முக்கியமானது. பாலிஷ்களில் உள்ள சிலிக்கோன் பரப்பில் இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால், அது கீறல்களுக்குள் இறங்கி, புதிய பெயின்ட் அவ்விடங்களில் ஒட்டாமல் மீன்கண் போன்ற வட்டக் குழிகளாக விலகி நிற்கும். ஆகவே சோப்பு நீரால் கழுவி, பிசுக்கு நீக்கும் திரவத்தால் துடைத்து, ஸ்டிக்கர்களை ஹேர் டிரையர் சூட்டில் உரித்த பிறகே தேய்ப்பு தொடங்கும். ஒடுக்குகளில் பூசும் பட்டி என்ற பாலியஸ்டர் பசை, ஏறத்தாழ 2 விழுக்காடு இறுக்கி சேர்த்துக் குழைக்கப்படுகிறது. இறுக்கி மிகுந்தால் அதன் கறை மேற்பூச்சில் ஊடுருவித் தெரியக்கூடும். பட்டியை 180 அல்லது 240 எண் தாளிலும், பிரைமரை 400 முதல் 600 வரையிலான வாட்டர் பேப்பரில் நீர் விட்டும் தேய்ப்பது வழக்கம். பிரைமரின் மேல் கறுப்பு பெயின்ட்டை மெல்லிய தூவலாக அடித்துவிட்டுத் தேய்த்தால், பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கி மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் பளபளப்பு ஏறியதும் தெரிந்துவிடும் என்பதால் இதைத் தவிர்ப்பது வீண் சிக்கனம்.

பிளாஸ்டிக் பாகங்களின் உட்புறத்தில் அதன் வகை பொதுவாக அச்சிடப்பட்டிருக்கும். ஏபிஎஸ் பெயின்ட்டை நன்கு ஏற்கும். ஆனால் பெயின்ட் ரிமூவரும் அசிட்டோனும் அதையே கரைத்துவிடும். பிபி எனக் குறிக்கப்படும் பாலிபுரோப்பிலீனில் தனிப் பிரைமர் இன்றி எதுவும் நிலைக்காது.

பூசும்போது ஸ்பிரே கேன் அல்லது கன் பரப்பிலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, ஒரே வேகத்தில் நகர வேண்டும். ஒவ்வொரு வீச்சும் பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிந்து, முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். ஒரே கனமான பூச்சு வழிந்துவிடுமாதலால், இடையில் பத்து நிமிடம் ஆறவிட்டு மூன்று மெல்லிய பூச்சுகள் தரப்படுகின்றன. மெட்டாலிக் வண்ணங்களில் அலுமினியத் துகள்கள் படியும் கோணமே நிறத்தின் சாயலை முடிவு செய்வதால், டேங்கை ஒரு நாளும் பக்க மூடிகளை மற்றொரு நாளும் அடித்தால் ஒரே டப்பாவிலிருந்து வந்த பெயின்ட்டும் இரு நிறமாகத் தோன்றக்கூடும்.

தட்பவெப்பத்தின் பங்கும் பெரிது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்வதால், ஈரப்பதம் மிகுந்த காற்றிலுள்ள நீர் அதன் மேல் படிந்து பூச்சை வெண்மையாக மங்கச் செய்கிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் இவ்வேலைக்கு உகந்ததன்று. மாறாக உச்சிவெயிலில் சுடும் பரப்பில் அடித்தால் மேற்புறம் முதலில் காய்ந்து, உள்ளே சிக்கிய தின்னர் குமிழ்களாக வெடித்து வெளியேறும். தரையில் நீர் தெளித்து அடக்கிய புழுதி, நிழல், மிதமான காலை நேரம் ஆகியவை சேர்ந்தால் வீட்டுக் கொட்டகையும் ஓரளவு பெயின்ட் பூத் ஆகிவிடும்.

பியூ பூச்சுக்கு உறுதி தரும் அதே ஐசோசயனேட்தான் அதன் ஆபத்தும் ஆகும். அதன் நுண்துளிகளைச் சுவாசிப்போருக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் ஏற்படக்கூடும்; ஒருமுறை ஒவ்வாமை தோன்றிவிட்டால் மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைத் தூண்டும். முகத்தில் கட்டும் துணியும் தூசு மாஸ்க்கும் இதைத் தடுப்பதில்லை. பட்டறைகளில் வெளியிலிருந்து காற்று செலுத்தும் முகக்கவசமே பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கு வழியில்லாதவர் கிளியர் கோட்டை மட்டுமாவது முறையான பட்டறையில் கொடுப்பதே அறிவுடைமை.

கிளியர் கோட் சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத நிலையை அடைந்தாலும் முழுமையாக இறுக ஒரு வாரமாகும். அதன்பின் 1500, 2000 எண் தாள்களால் நீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றலாம். விளிம்புகளில் பூச்சு மெலிந்திருப்பதால் அங்கே தேய்ப்பதைத் தவிர்ப்பர்.

பழைய தோற்றத்தை மீட்பதில் வீட்டு முயற்சிக்கு எட்டாத ஒன்று, திருவொற்றியூர் ஆலையின் வழியே புகழ்பெற்ற ராயல் என்ஃபீல்டு புல்லட் டேங்குகளில் உள்ள பொன்னிறக் கோடு. அது கைத்தூரிகையால் வரையப்படுவது. மாஸ்கிங் டேப் ஒட்டி இழுக்கும் கோட்டில் அந்த நெளிவு வராது.

நிறத்தை மாற்றுவோர் சட்டத்தையும் கருத வேண்டும். பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிறம் குறிக்கப்பட்டிருப்பதால், அடிப்படை நிறம் மாறினால் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய நிறத்தையே மீண்டும் பூசுவதற்கு இது பொருந்தாது. புல்லட் உரிமையாளர்கள் பலர் விரும்பும் ராணுவ ஆலிவ் பச்சை, 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121 ஆம் விதியின்படி பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டுமே உரியது.