வாய்ப்பாடு படித்த அதிகாரி



போர் வரலாறு என்றவுடன் அரசரும் தளபதிகளும் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால், ஒரு போர்க்கப்பல் கரையை விட்டு நகர வேண்டுமானால் பாய்மரம் வேண்டும், வடம் வேண்டும், மாலுமிகளுக்கு உணவு வேண்டும். இவற்றையெல்லாம் வணிகரிடம் விலை பேசி, ஒப்பந்தம் எழுதி, அளந்து வாங்குவதற்கு ஓர் அதிகாரியும் வேண்டும். அத்தகைய அதிகாரி ஒருவரைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

அவர் பெயர் சாமுவேல் பீப்ஸ். 1633ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். 1660இல் உறவினர் ஒருவரின் செல்வாக்கால் இங்கிலாந்துக் கடற்படை அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். பதவி பெரியது; ஆண்டுச் சம்பளம் 350 பவுன். ஆனால், கப்பலைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இலத்தீன் மொழி கற்றவருக்குப் பெருக்கல் வாய்ப்பாடுகூடத் தெரியாது!

கணக்குத் தெரியாத அதிகாரியிடம் வணிகர் எதைச் சொன்னாலும் அதுதானே அளவு? இதை உணர்ந்த பீப்ஸ் என்ன செய்தார்? 1662 ஜூலை மாதம், தமது இருபத்தொன்பதாம் வயதில், 'ராயல் சார்ல்ஸ்' என்னும் போர்க்கப்பலில் வேலை பார்த்த கூப்பர் என்பவரிடம் கணக்குப் பாடம் கேட்கத் தொடங்கினார். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தார். சிறு பிள்ளைகளின் பாடம் என்று அவர் வெட்கப்படவில்லை.

கற்ற கணக்கோடு அவர் வீட்டில் இருந்துவிடவும் இல்லை. அடுத்த மாதமே, கப்பல் கட்டுவதில் வல்லவரான ஆண்டனி டீன் என்பவருடன் மரம் வெட்டும் காட்டிற்குச் சென்றார். அளவைக் கணக்கில் அரசர் எவ்வாறு ஏமாற்றப்படுகிறார் என்பதை அங்கே நேரில் கண்டார். அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், வுல்லிச் என்னுமிடத்துக் கயிற்றுக் கூடத்தில் வேறொரு மோசடியையும் பார்த்திருந்தார். தார் பூசிய பழைய நாரின்மேல் புதிய நாரைச் சுற்றிப் புதுச்சரக்கென்று விற்றிருந்தார்கள். புயல் நேரத்தில் அந்த வடத்தை நம்பி நிற்பவன் விற்ற வணிகன் அல்லன், ஏழை மாலுமி!

ரப்பர்ப் பால் நிறுத்த தராசை நம் தோட்டத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தராசு முள்ளைப் பார்க்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இருந்த வேறுபாட்டையும் அவர்கள் அறிவார்கள்.

இவ்வளவு கற்ற பீப்ஸ் குறையற்றவரா? அதுதான் இல்லை. 1663இல் ஒருவர் அவரிடம் கடித உறை ஒன்றைக் கொடுத்தார். உள்ளே பணம் இருப்பதை அறிந்த பீப்ஸ், உறையை வேறு பக்கம் பார்த்தபடியே கவிழ்த்துப் பணத்தைக் கொட்டினார். பிற்காலத்தில் யாரேனும் கேட்டால், உறைக்குள் பணத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லலாம் அல்லவா! 1664 பிப்ரவரியில் சர் வில்லியம் வாரன் என்னும் மர வணிகர், பீப்ஸின் மனைவிக்கென்று ஒரு சோடிக் கையுறை கொடுத்தார். வீட்டில் பிரித்தபோது அதனுள் நாற்பது பொற்காசுகள் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில், ஏறத்தாழ 1000 பாய்மரங்களுக்கான பெரிய ஒப்பந்தம் அந்த வாரனுக்கே கிடைத்தது.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பீப்ஸே தமது நாட்குறிப்பில் சுருக்கெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒப்பந்தம் அரசருக்கு நன்மையானது என்றே அவர் நம்பினார். ஆனால், அன்பளிப்பு வாங்கிய கை பிடிக்கும் தராசை ஊரார் எப்படி நம்புவார்கள்?

1665இல் டச்சுக்காரருடன் போர் மூண்டது. கருவூலத்தில் பணம் போதவில்லை. மாலுமிகளுக்குக் காசுக்குப் பதிலாகச் சம்பளச் சீட்டுகள் கொடுத்தார்கள். பசி தாங்காத குடும்பங்கள் அச்சீட்டுகளைத் தரகரிடம் குறைந்த விலைக்கு விற்றன. 1666 ஜூலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கடற்படை அலுவலக முற்றத்தில் திரண்டார்கள். ஹாலந்து நாட்டில் சிறைப்பட்டிருந்த தங்கள் ஆடவருக்காகப் பணம் கேட்டு, அதிகாரிகளைச் சபித்து அழுதார்கள். வணிகரிடம் ஆயிரம் மரத்திற்கு ஒப்பந்தம் எழுதிய அரசாங்கம், மாலுமிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை.

அதன் பலன் 1667 ஜூன் மாதம் தெரிந்தது. பணமின்மையால் பெருங்கப்பல்கள் மெட்வே ஆற்றில் ஆளின்றிக் கட்டிக் கிடந்தன. டச்சுக் கப்பல்கள் ஆற்றுக்குள்ளேயே புகுந்து பலவற்றைக் கொளுத்தின. 'ராயல் சார்ல்ஸ்' கப்பலை இழுத்துச் சென்றன. ஆம், பீப்ஸுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர் வேலை பார்த்த அதே கப்பல்தான்! டச்சுக் கப்பல்களில் ஆங்கில மாலுமிகளும் இருந்தார்களாம். முன்பு சீட்டுக்காகச் சண்டையிட்டோம், இப்போது காசுக்காகச் சண்டையிடுகிறோம் என்று அவர்கள் கூவியதாகப் பீப்ஸ் கேள்விப்பட்டார். அக்கப்பலின் பின்புறச் சிற்பத்தை இன்றும் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் காணலாம்.

பின்னர் பீப்ஸ் கடற்படைத் துறையின் செயலாளரானார். அக்காலத்தில், 1677 இறுதியில், மாலுமிகளின் உணவுக்காக ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. நல்ல உணவு தரப்படும் என்று பொதுவாகச் சொல்லி அது நிற்கவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு பிஸ்கட், ஒரு காலன் பீர் என்று அளவிட்டு எழுதினார்கள். பிஸ்கட் கோதுமையால் ஆனதாகவும், சுத்தமாகவும், நன்றாகச் சுட்டதாகவும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். சொல் தெளிவாக இருந்தால், பாதிக்கப்பட்டவன் அதைச் சுட்டிக்காட்டி நியாயம் கேட்கலாம் அன்றோ?

நேயர்களே, ஒப்பந்தம் என்பது காகிதமும் கையெழுத்தும் மட்டுமன்று. அளக்கத் தெரிந்த அறிவு, அன்பளிப்புக்கு நீளாத கை, சொன்ன நாளில் கொடுக்கும் கூலி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது நிற்கும். முதலாவதை முயற்சியால் பெற்ற பீப்ஸ் இரண்டாவதில் தவறினார். மூன்றாவதில் அரசாங்கமே தவறியது. இழந்ததோ கப்பல்களும் மானமும்.

இன்று மாலை உங்கள் பிள்ளைகள் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லும்போது, இது சின்ன விஷயந்தானே என்று எண்ணிவிடாதீர்கள். நாளை எந்தத் தாளில் கையெழுத்திட நேர்ந்தாலும், அதில் உள்ள கணக்கைத் தாமே சரிபார்க்க அவர்களுக்கு அது உதவும்.