ஃபிலிஸ் ஷ்லாஃப்லியின் மூன்று சண்டைகள்

2016 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நேஷனல் ரிவ்யூ’ இதழ் டொனால்ட் டிரம்ப்புக்கு எதிராக ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. பழமைவாதக் கருத்தாளர்கள் 22 பேர் எழுதியிருந்தார்கள். டிரம்ப் நம்முடைய ஆள் அல்ல, பழமைவாதக் கொள்கைக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்பதுதான் அதன் சாரம். மார்ச்சில் செயின்ட் லூயிஸ் நகரத்து மேடையில் 91 வயது ஃபிலிஸ் ஷ்லாஃப்லி டிரம்ப்புக்குத் தன் ஆதரவை அறிவித்து, உண்மையான பழமைவாதி இவர்தான் என்று சான்று கொடுத்தார்.

இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. சமத்துவத்துக்குக் குறுக்கே நின்றவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள், நல்லதுதானே என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். ஷ்லாஃப்லியின் வரலாற்றைத் தேடிப் படித்த பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அந்த இதழ் தொடக்கத்திலிருந்தே செய்துவந்தது. 1955இல் வில்லியம் பக்லி அதைத் தொடங்கினார். 1957இல் அயன் ராண்டின் ‘அட்லஸ் ஷ்ரக்ட்’ நாவலை விட்டக்கர் சேம்பர்ஸ் அதில் கிழித்துத் தோரணம் கட்டினார். முதலாளித்துவத்தைக் கொண்டாடினால் மட்டும் போதாது, கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு இங்கே இடமில்லை என்ற செய்தி அதில் இருந்தது. 1962இல் ஜான் பிர்ச் சங்கத்தின் நிறுவனர் ராபர்ட் வெல்ச்சின் முறை வந்தது. அதிபராக இருந்த ஐசன்ஹோவரையே கம்யூனிஸ்டுகளின் கையாள் என்று சொன்னவர் அவர். பக்லி அவரை ஒதுக்கினார். வாசலில் நின்று ஆளைச் சலிக்கும் அதிகாரம் படித்த, வசதியான ஆண்கள் சிலரிடம் இருந்தது.

ஷ்லாஃப்லி இந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். போர்க்காலத்தில் துப்பாக்கித் தோட்டாத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர். ஆறு பிள்ளைகளின் தாய். அவருடைய முதல் சண்டை 1964இல் தொடங்கியது. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரை நியூயார்க்கின் பணக்காரச் சிறுகூட்டம் ஒன்றுதான் ஒவ்வொரு முறையும் முடிவு செய்கிறது என்று குற்றஞ்சாட்டி ‘எ சாய்ஸ் நாட் அன் எக்கோ’ என்ற சிறு நூலைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். 30 லட்சம் பிரதிகளுக்குமேல் பரவிய அந்த நூல் பாரி கோல்டுவாட்டருக்குத் தொண்டர்களைத் திரட்டித் தந்தது. கோல்டுவாட்டர் ஆறே மாநிலங்களில் வென்று படுதோல்வி அடைந்தார். அடுத்து, தோற்ற அணியைக் களையெடுக்கும் வேலையைக் கட்சித் தலைமை தொடங்கியது. 1967இல் குடியரசுக் கட்சிப் பெண்கள் கூட்டமைப்பின் தலைவர் தேர்தலில் ஷ்லாஃப்லி நின்றபோது, தலைமை கலிஃபோர்னியாவின் கிளாடிஸ் ஓ’டானலுக்குப் பின்னால் நின்றது. ஷ்லாஃப்லி தோற்றார்.

கதை அங்கே முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். அவரோ தோல்விக்குப் பின் தன் ஆதரவாளர்களுக்காக மாதச் செய்திமடல் ஒன்றைத் தொடங்கினார். இரண்டாவது சண்டைக்கு ஆயுதமானது அந்த மடல்தான்.

சட்டத்தின் முன் பாலினப் பாகுபாடு கூடாது என்ற சம உரிமைத் திருத்தம் 1972 மார்ச்சில் அமெரிக்க செனட்டில் 84க்கு 8 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இன்று நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் 1940 முதல் குடியரசுக் கட்சியின் தேர்தல் அறிக்கைகளே அதை ஆதரித்து வந்தன. அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு வெளிப்படையாக அதற்காகப் பேசினார். கட்சிக்குள் பெண்ணியவாதிகள் இருந்தார்கள், பதவிகளிலும் இருந்தார்கள். ஷ்லாஃப்லி மோதியது நம்மோடு மட்டுமல்ல, அவர்களோடும்தான். மகள்களைப் போருக்கு அனுப்புவார்கள், கணவன் தரவேண்டிய பராமரிப்பு போய்விடும் என்று மடலில் எழுதினார். அவருடைய பெண்கள் வீட்டில் சுட்ட ரொட்டியும் ஜாமும் எடுத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்கப் போனார்கள். 1977இல் ஹூஸ்டனில் மூன்று அதிபர்களின் மனைவியர் கலந்துகொண்ட தேசியப் பெண்கள் மாநாடு நடந்தபோது, அதே ஊரில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி எதிர்க்கூட்டம் போட்டார். வீட்டில் இருப்பதே பெண்ணுக்கு அழகு என்று சொல்ல, ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிச் சட்டமும் படித்து முடித்தார்.

1980இல் டெட்ராய்ட் மாநாட்டில் குடியரசுக் கட்சி சம உரிமைத் திருத்தத்துக்கான ஆதரவைக் கைவிட்டது. கட்சியின் தேசியக் குழு இணைத்தலைவராக இருந்த மேரி கிரிஸ்ப் அதை எதிர்த்து வெளியேறினார். 1982 ஜூன் 30ஆம் தேதி கெடு முடிந்தபோது, வேண்டிய 38 மாநிலங்களில் மூன்று குறைந்தன. திருத்தம் வீழ்ந்தது. வெற்றியைத் தேடித்தந்த ஷ்லாஃப்லிக்கு ரீகன் தன் அமைச்சரவையில் இடம் தரவில்லை.

மூன்றாவது சண்டை அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. டிரம்ப்பை ஆதரித்த சில வாரங்களில் அவர் உருவாக்கிய ‘ஈகிள் ஃபோரம்’ அமைப்பு பிளந்தது. நிர்வாகக் குழுவில் ஆறு பேர் அவர் தேர்ந்தெடுத்த தலைவரை நீக்க முனைந்தார்கள். டெட் குரூஸை ஆதரித்த அவருடைய மகளும் அந்த ஆறு பேரில் ஒருவர். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. குடும்பமே அடித்தளம் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவரின் கடைசி மாதங்கள், எது உண்மையான பழமைவாதம் என்று சொந்த மகளோடு மோதுவதில் கழிந்தன. செப்டம்பர் 5 அன்று இறந்தார். டிரம்ப்பை ஆதரித்து அவர் எழுதிய நூல் மறுநாள் வெளிவந்தது. இறுதிச் சடங்கில் டிரம்ப் பேசினார்.

சிறப்பிதழில் எழுதிய 22 பேரில் மோனா சாரன் ஒருவர். பெண்ணியத்தைக் கடுமையாக விமர்சிப்பவர், முன்பு நான்சி ரீகனுக்கு உரை எழுதிக்கொடுத்தவர். 2018இல் பழமைவாதிகளின் வருடாந்தர மாநாட்டு மேடையில், பெண்களிடம் அத்துமீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நம்மவர்களை மட்டும் ஏன் மன்னிக்கிறோம் என்ற பொருளில் பேசினார். கூட்டம் கூச்சலிட்டது. காவலர்கள் துணையோடுதான் அவர் வெளியேற வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றிலிருந்து நான் கற்றது முதலில் என் சிரிப்பைப் பற்றியதுதான். 1964இல் அவர்கள் சண்டையைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். பதினாறே ஆண்டுகளில் தோற்ற அணி கட்சியைக் கைப்பற்றியது. உட்பூசல் அவர்களைக் கரைக்கவில்லை, கூர்மையாக்கியது. ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் சமாதானத்துக்கான விலையாகப் பெண்களின் உரிமை ஒன்று கைமாறியது. கருக்கலைப்பு, சம உரிமை, பாலியல் அத்துமீறல் என்று பெண்ணைத் தொடும் கேள்விகளே தூய்மையைச் சோதிக்கும் உரைகல்லாக இருந்தன. உரைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன கைகளில் பெரும்பாலானவை ஆண்களுடையவை.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஒரு கருத்தரங்கில், கழுத்தில் மஞ்சள் கயிறும் நெற்றி நிறையக் குங்குமமுமாக வந்து குடும்ப வன்முறை பற்றிப் பேசிய பெண்ணைப் பார்த்து, “இவங்கல்லாம் பெண்ணியவாதியா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தவள் நான். அவர் காதில் விழுந்திருக்கும். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. உரிமையை மறுப்பவர்களின் சல்லடையும் உரிமை கேட்பவர்களின் சல்லடையும் ஒன்றல்ல என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். ஒன்றல்லதான். ஆனால் வெளியே போனவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்?

மேரி கிரிஸ்ப் கட்சியை விட்டு வந்த பிறகு, சுயேச்சையாக நின்ற ஜான் ஆண்டர்சனின் தேர்தல் பணியை முன்னின்று நடத்தினார். ஆண்டர்சன் தோற்றார். ஷ்லாஃப்லியைப் பற்றி எங்கள் கூட்டங்களில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், கிரிஸ்ப்பின் பெயரை அங்கே ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.