ஒரு குழந்தை, இரு பெயர்கள்

துன்பத்திற்குப் பெயரிட்டதும் நாம் அமைதியடைந்துவிடுகிறோம். அப்பெயருக்குள் அடங்காதவற்றைக் காணத் தவறுகிறோம். குழந்தை மனநல மருத்துவத்தின் வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது.

1902ஆம் ஆண்டு இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர், அறிவில் குறைவின்றியும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத சிறுவர்களைப் பற்றி உரையாற்றினார். அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகவே அவர் கண்டார். அச்சொல்லின் நிழல் நெடுங்காலம் நீடித்தது. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர், தமக்கெனத் தனியுலகில் வாழ்ந்த 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் என்ற பெயர் குழந்தை மருத்துவத்தில் வேரூன்றியது. இவ்வாறு இரு பாதைகள் தனித்தனியே பிரிந்து சென்றன.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் இவ்விரண்டையும் வெவ்வேறு தலைப்புகளில் ஏற்றது. 1994இல் வெளிவந்த நான்காம் பதிப்போ, ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கவனக்குறைவு மிகைச்செயற்பாடு என்ற இரண்டாம் பெயரைச் சூட்டுவதற்குத் தடையிட்டது. அக்குழந்தையின் அமைதியின்மை ஆட்டிசத்தின் ஒரு கூறே என்று கருதப்பட்டதே காரணம்.

இக்கருத்துக்கு அடிப்படை இல்லாமலில்லை. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தைகள் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவன் தன் ஈடுபாட்டில் ஆழ்ந்திருக்கிறான். மற்றவனின் கவனமோ வேறெங்கோ பறந்துவிட்டது. வெளித்தோற்றம் ஒன்றே. ஆனால், இரண்டும் ஒருவனுக்குள்ளேயே குடியிருந்தால்? ஒழுங்கு மாறினால் அவன் கலங்குகிறான். அவ்வொழுங்கைக் காக்கவோ அவனால் இயலவில்லை. இந்த உட்போரைத் தாய்மார்கள் அறிந்திருந்தனர்; கையேடு அறியவில்லை.

2013 மே மாதம் ஐந்தாம் பதிப்பு அத்தடையை நீக்கியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் வகைப்பாடும் இரண்டையும் சேர்த்துக் குறிப்பிட இடமளிக்கிறது. இவை இரண்டும் மரபணு வழியிலும் ஓரளவு உறவுடையவை என்பதை இரட்டையர் பற்றிய ஆய்வுகள் காட்டியுள்ளன.

தடை நீடித்தது 19 ஆண்டுகள். 1994இல் ஆறு வயதாயிருந்த சிறுவன் 2013இல் இருபத்தைந்து வயது இளைஞன். அவனது பள்ளிப்பருவம் முழுவதும் பாதிப் பெயரோடு கழிந்தது. எஞ்சிய பாதியைச் 'சோம்பல்' என்றும் 'அடங்காமை' என்றும் அழைத்தவர்கள் நம்மைப் போன்றவர்களே. கையேடு தன்னைத் திருத்திக்கொண்டது. நாம் திருந்தினோமா?